அப்பாவின் குடலில் பாலிப்: ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும், குடும்பத்தில் யாருக்குச் சோதனை வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கோத்தகிரிப் பக்கம் வீடு. அப்பாவுக்கு 57 வயது, தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஒரு வருடமாக ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.1. மூலம் இருக்கிறது, டீயும் அதிகம் குடிக்கிறார் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து வந்திருக்கிறார்கள். கடைசியில் கோவையில் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தபோது வலது பக்கப் பெருங்குடலில் 12 மி.மீ. அளவில் காம்பில்லாத பாலிப் ஒன்றும், மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்திருக்கும் சிக்மாய்டு பகுதியில் 4 மி.மீ. அளவில் இன்னொன்றும் இருந்தன, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் பெரியது 'டியூபுலோவில்லஸ் அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா', சின்னது 'ஹைப்பர்பிளாஸ்டிக்'. இது கேன்சரா, திரும்ப வருமா, 31 வயதான எனக்கும் 36 வயதான அக்காவுக்கும் சோதனை வேண்டுமா, இலங்கையில் ஹட்டனில் இருந்த பெரியப்பா 45 வயதில் 'வயிற்றுக் கட்டி' வந்து இறந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறீர்கள்.

தம்பி, மனதை அரிக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது கேன்சர் இல்லை. கேன்சராக மாறக்கூடிய ஜாதி வளர்ச்சி, மாறுவதற்கு முன்பே கண்ணில் பட்டு எடுக்கப்பட்டுவிட்டது. 'டிஸ்பிளேசியா' என்று ரிப்போர்ட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள், என்னிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள். எந்த அடினோமாவாக இருந்தாலும் அதில் டிஸ்பிளேசியா இருக்கும், அதாவது செல்களின் வரிசையும் வடிவமும் கெட ஆரம்பித்திருக்கும். லோ கிரேட் என்றால் அது ஆரம்ப நிலை. ஹை கிரேட் என்றால் முற்றிய நிலை, ஆனால் அதுவும்கூட மேல்சவ்வைத் தாண்டி உள்ளே இறங்காத வரைக்கும் பரவுகிற கேன்சர் ஆகாது.

பாலிப் என்பது பெருங்குடலின் உள்சவ்வில் எழும்பும் எல்லா வளர்ச்சிக்கும் பொதுவான பெயர், எல்லாம் ஒன்றல்ல. அப்பாவின் சிக்மாய்டில் இருந்த அந்த 4 மி.மீ. ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பை நீங்கள் மறந்துவிடலாம். மலக்குடலிலும் சிக்மாய்டிலும் இந்த மாதிரி சின்னது வயதானவர்கள் பலருக்கும் இருக்கும், அது கேன்சர் வழியில் போவதில்லை. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறிய இடத்தில் எழும்பும் பாலிப்பும், சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்றாக வந்து ரத்தம் காட்டும் ஜுவனைல் பாலிப்பும் அப்படித்தான், தாமாகக் கெடுவது அரிது. கவனிக்க வேண்டியவை இரண்டு வகை: சுரப்பிச் செல்களிலிருந்து எழும் அடினோமா, மைக்ரோஸ்கோப்பில் ரம்பப்பல் மாதிரித் தெரியும் செரேட்டட்.

அடினோமாவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது சுரப்பிகள் குழாய் குழாயாக இருந்தால் டியூபுலர், விரல் விரலாக நீண்டிருந்தால் வில்லஸ், இரண்டும் கலந்திருந்தால் டியூபுலோவில்லஸ். கணக்கு என்னவென்றால், விரல் அமைப்பு 25 சதவீதத்துக்கும் கீழே என்றால் டியூபுலர், 75-க்கு மேலே என்றால் வில்லஸ், நடுவில் இருப்பது உங்கள் அப்பாவுக்கு வந்தது. பெரும்பாலான அடினோமாக்கள் டியூபுலர்தான், அவற்றிலும் பெரும்பாலானவை சின்னதாகவே இருந்துவிடும். வில்லஸ் பங்கு கூடக்கூட ஆபத்தும் கூடும். மலக்குடலில் பெரிதாகப் படர்ந்த வில்லஸ் அடினோமா சிலருக்குச் சளிபோல நீராகப் போய்க்கொண்டே இருக்க வைத்து உடம்பின் பொட்டாசியத்தைக்கூட இறக்கிவிடும். அரிது, ஆனால் மாதக்கணக்கில் 'பேதி நிற்கவில்லை' என்று வருகிறவர்களிடம் இதையும் நினைக்க வேண்டும்.

செரேட்டட் வகையைப் பற்றி முப்பது வருடத்துக்கு முன்பு யாரும் பெரிதாகப் பேசியதில்லை, ஹைப்பர்பிளாஸ்டிக் என்றே போட்டுவிடுவார்கள். இப்போது தெரிகிறது, பெருங்குடல் கேன்சரில் கணிசமான பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. இவை பெரும்பாலும் வலது பக்கத்தில் இருக்கும், தட்டையாக, வெளிறி, மேலே சளிப்படலம் மூடி, ஓரம் எங்கே முடிகிறதென்றே தெரியாமல் இருக்கும். குடல் சரியாகச் சுத்தமாகாத அன்று இது டாக்டர் கண்ணில் படவே படாது. ரத்தமும் அதிகம் கசியாது, அதனால் மலத்தில் ரத்தம் பார்க்கிற டெஸ்ட்டும் இதைப் பிடிப்பது கஷ்டம். 10 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, டிஸ்பிளேசியா சேர்ந்திருந்தாலோ இதையும் பெரிய அடினோமாவுக்குச் சமமாக நடத்த வேண்டும். புகைக்கும் இந்த வகைக்கும் உள்ள தொடர்பு மிக அழுத்தமானது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, ஒரு பாலிப் எவ்வளவு ஆபத்து என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? முதலில் அளவு. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் இருந்து 1975-இல் வந்த பழைய கணக்கு ஒன்று இன்றும் பாடத்தில் இருக்கிறது: 1 செ.மீ.க்குக் கீழே இருந்த அடினோமாக்களில் 1.3 சதவீதத்தில் கேன்சர், 1 முதல் 2 செ.மீ. வரை 9.5 சதவீதம், 2 செ.மீ.க்கு மேல் 46 சதவீதம். அந்தக் காலத்தில் அறுத்து எடுத்தவற்றை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இன்றைய கொலோனோஸ்கோபியில் சந்திப்பதைவிட எண்கள் அதிகம்தான், ஆனால் ஏறுகிற வரிசை மாறவில்லை. 5 மி.மீ.க்குக் குறைந்ததில் கேன்சர் இருப்பது மிக மிக அரிது.

அடுத்தது வடிவம். காளான் மாதிரி காம்போடு தொங்குவது எடுக்க எளிது, நுனியில் கெட்டிருந்தால்கூட காம்போடு வெட்டி எடுத்தால் பல சமயம் வேலை முடிந்துவிடும். காம்பில்லாமல் சவ்வோடு ஒட்டி உட்கார்ந்திருப்பது, அப்பாவுக்கு வந்தது, அடியோடு எடுத்தார்களா என்பது முக்கியம். தட்டையாகப் பக்கவாட்டில் படர்வது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் மோசமானது நடுவில் குழி விழுந்தது. அது சின்னதாக இருக்கும்போதே உள்ளே இறங்கியிருக்கலாம், ஆகவே அளவு குறைவு என்று அங்கே ஆறுதல் அடையக் கூடாது. பாலிப்பின் மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்னத் துளைகளின் வடிவத்தையும் ரத்தக்குழாய் வரிசையையும் நீல ஒளியில் பார்த்து, இது எந்த ஜாதி, ஆழமாக இறங்கியிருக்குமா என்று நல்ல எண்டோஸ்கோபி டாக்டர் அங்கேயே ஓரளவு சொல்லிவிடுவார்.

பிறகு எண்ணிக்கை. பிறகு வில்லஸ் உண்டா, டிஸ்பிளேசியா எந்த கிரேடு. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் அமைப்பு, ஹை கிரேட் டிஸ்பிளேசியா, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதை 'அட்வான்ஸ்டு அடினோமா' என்ற கணக்கில் வைப்போம். அப்பாவுக்கு முதல் இரண்டும் இருக்கிறது, மூன்றாவது இல்லை. எனவே சாதாரணப் பாலிப் என்று தள்ளிவிட முடியாது.

எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைப்பீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், கொலோனோஸ்கோபி பரவலாக வருவதற்கு முன்பு 10 மி.மீ.க்கு மேற்பட்ட பாலிப்களை எடுக்காமல் கண்காணித்த நோயாளிகளின் கணக்கை 1987-இல் வெளியிட்டார்கள். பாலிப் இருந்த அதே இடத்தில் கேன்சர் வந்தது 5 ஆண்டில் 2.5 சதவீதம், 10 ஆண்டில் 8 சதவீதம், 20 ஆண்டில் 24 சதவீதம். இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, பெரிய பாலிப்கூட எல்லாமே கேன்சராகாது. இரண்டாவது, ஆகிறதும் மெதுவாகத்தான் ஆகிறது, பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் ஏபிசி, கேராஸ், பி53 என்று ஒவ்வொரு ஜீனாகக் கெட்டுக்கொண்டே போக வேண்டும்; இந்தப் படிவரிசையை ஃபியரனும் வோகல்ஸ்டைனும் 1990-இல் எழுதிக் காட்டினார்கள். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற கேன்சர் உடம்பில் வேறு அதிகமில்லை. அமெரிக்காவில் 1,418 பேரைத் தொடர்ந்த ஆய்வில், அடினோமாக்களை எடுத்துவிட்டுக் கண்காணித்தவர்களுக்குப் பெருங்குடல் கேன்சர் 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது என்று 1993-இல் வந்தது. அந்தக் கிடைத்த அவகாசத்தை நம் ஊரில் 'மூலம்தான்' என்ற ஒரு சொல் தின்றுவிடுகிறது, எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை அதில்தான்.

மலையில் இதற்குக் காரணங்கள் நிறைய. ரத்தசோகை என்றால் உடனே டீயைச் சொல்வார்கள். சாப்பாட்டோடு சேர்த்து கடும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், அது உண்மைதான். தோட்டத்தில் செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு வந்து ரத்தம் குடிக்கும், அதுவும் உண்மை. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் நோய் இருக்கிறது, அதிலும் ரத்தம் குறையும். மலம் சிவப்பாகப் போனால் ஊட்டி பீட்ரூட், கறுப்பாகப் போனால் இரும்பு மாத்திரை. இப்படி ஒவ்வொரு அறிகுறிக்கும் கையெட்டும் தூரத்தில் ஒரு சமாதானம் இருப்பதால், குடலுக்குள் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை இரும்பு இருப்பைக் காட்டும். ஆண் ஒருவருக்கு, அல்லது மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு, இரும்பு குறைந்து ரத்தசோகை வந்தால், வேறு தெளிவான காரணம் இல்லாத வரைக்கும் வயிறும் குடலும் பார்த்தே ஆக வேண்டும், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. மூலம் இருப்பது குடலில் வேறொன்றும் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அந்த வயதில் பாதிப் பேருக்கு மூலம் இருக்கத்தான் செய்யும். வலது பக்கக் குடலில் கசிகிற ரத்தம் மலத்தோடு கலந்து வருவதால் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியவும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணம்' நோட்டீஸைப் பார்த்துப் போய், உள்ளே ஒரு தடவைகூடப் பார்க்காமல் களிம்பும் லேகியமுமாக வருடத்தை ஓட்டியவர்களில் சிலரை நான் முற்றிய நிலையில் பார்க்க நேர்ந்திருக்கிறது. நாற்பது தாண்டியவருக்கு ரத்தம் போனால் முதலில் உள்ளே பாருங்கள், மூலத்துக்கு வைத்தியம் அப்புறம் செய்யலாம்.

பெரும்பாலான பாலிப் எந்த அறிகுறியும் காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலி இருக்காது, பசி குறையாது. அறிகுறிக்காகக் காத்திருப்பது பயனில்லை.

இனி யாருக்கு வருகிறது என்பது. வயதுதான் முதல் காரணம், ஐம்பதைத் தாண்டினால் வேகமாகக் கூடுகிறது, ஆண்களுக்குச் சற்று அதிகம். அமெரிக்காவில் 2021 முதல் சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கே 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் இந்த நோய் மேற்கு நாடுகளைவிடக் குறைவு, குடலுக்கு என்று அரசின் பொதுச் சோதனைத் திட்டமும் இல்லை. வாய், மார்பகம், கருப்பைவாய் இந்த மூன்றுக்குத்தான் இருக்கிறது. அதனால் 45 ஆனவர் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கணக்கு வேறு.

பழக்கங்களில் புகையை முதலில் வைப்பேன். பீடியோ சிகரெட்டோ, வருடங்கள் கூடக்கூட அடினோமாவும் கூடும், செரேட்டட் வகை இன்னும் கூடும். அடுத்தது மது. 'குளிருக்கு' என்று சொல்லிக்கொண்டு மலையில் இரண்டும் தாராளமாக நடக்கிறது; குளிருக்கு ஸ்வெட்டர் போதும். தொப்பை, டைப் 2 சர்க்கரை நோய், உட்கார்ந்தே இருப்பது, இவையும் கூட்டும். பதப்படுத்திய இறைச்சியை, சாசேஜ், பேக்கன் மாதிரியானவற்றை, உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆய்வு அமைப்பு 2015-இல் கேன்சர் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது, தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் கேன்சர் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று சொன்னது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை 'அநேகமாக உண்டாக்கும்' என்ற வரிசையில் வைத்தது. வாரத்தில் ஒரு நாள் கறி சாப்பிடுகிறவர் பயப்படத் தேவையில்லை. நம் மலையின் பழைய சாப்பாடு, ராகிக் களி, அவரை, கேரட், முட்டைக்கோஸ், கீரை, நல்ல சாப்பாடுதான்; அது பேக்கரி வர்க்கிக்கும் பரோட்டாவுக்கும் இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பாலிப் ஏற்கெனவே வந்தவர்களைக் கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்து நிறைந்த சாப்பாட்டில் வைத்து நான்கு ஆண்டு பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில், 2000-இல் முடிவு வந்தது, அடினோமா திரும்ப வருவது குறையவில்லை. காய்கறி உடம்புக்கு நல்லது என்பதற்காகச் சாப்பிடுங்கள், அடுத்த கொலோனோஸ்கோபிக்குப் பதிலாக அல்ல. பாலிப்பைக் கரைக்கிறது என்று விற்கிற கஷாயம், பொடி எதையும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மாத்திரை, ரத்தசோகை உள்ள அப்பாவுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

இப்போது உங்களுக்கும் அக்காவுக்கும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளை, இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் கேன்சரோ அட்வான்ஸ்டு அடினோமாவோ வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழித்து வரும் வயதில், எது முன்னால் வருகிறதோ அதில். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை. அப்பாவுக்கு 57, பத்தைக் கழித்தால் 47, எனவே 40 தான் முன்னால் வருகிறது. அக்காவுக்கு இன்னும் நான்கு வருடம், உங்களுக்கு ஒன்பது. நடுவில் ரத்தம் போனாலோ ரத்தசோகை வந்தாலோ இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் உடனே காட்டுங்கள். அப்பாவின் தம்பி தங்கைகள் யாராவது 40 தாண்டியிருந்தால் அவர்களிடம் இப்போதே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இந்த நோயைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டுச் சொந்தத் தம்பியிடம்கூட மறைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது பெரியப்பாவின் கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்களில் இது நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல்: பாதிச் சொந்தம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும், யார் எந்த நோயில் போனார் என்பது 'வயிற்றுக் கட்டி', 'குடல் புண்' என்ற அளவிலேயே நின்றுவிடும். பெரியம்மாவுக்கோ அவர் பிள்ளைகளுக்கோ போன் போட்டுக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் நடந்ததா, பையில் மலம் போகிற மாதிரி வைத்தார்களா, மஞ்சள் காமாலை வந்ததா, டிஸ்சார்ஜ் துண்டுச்சீட்டு ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா. 'வயிற்றுக் கட்டி' என்பது இரைப்பையாக இருக்கலாம், ஈரலாக இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். 45 வயதில் பெருங்குடல் கேன்சர் என்று உறுதியானால், லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறை நினைக்க வேண்டி வரும். அதில் பாலிப் நிறைய வராது, ஒன்றிரண்டுதான் வரும், ஆனால் பத்து வருடம் எடுக்க வேண்டிய மாற்றம் இரண்டு மூன்று வருடத்தில் நடந்துவிடலாம். அந்தக் குடும்பப் பெண்களுக்குக் கருப்பைக் கேன்சரும் வரலாம். அந்த ஜீன் இருப்பவர்கள் 20-25 வயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். அத்தைமார், பாட்டி யாருக்காவது கருப்பைக் கேன்சர் இருந்ததா என்றும் சேர்த்தே கேளுங்கள். குடல் அல்லது கருப்பைக் கேன்சர் மூன்று பேருக்கு, இரண்டு தலைமுறையில், ஒருவருக்காவது 50-க்குள் என்று வந்தால் தயங்காமல் ஜீன் ஆலோசனைக்குப் போக வேண்டும்.

மற்ற பரம்பரை வகைகள் அப்பாவுக்குப் பொருந்தவில்லை. எஃப்ஏபி என்பதில் பதின்ம வயதிலிருந்தே நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும், குடலை எடுக்காவிட்டால் நாற்பது வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் கேன்சர் வரும். மியூட்டிஹெச் என்ற இன்னொன்று தாய் தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட ஜீன் வந்தால்தான் வெளிப்படும், அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். பத்துக்கு மேல் அடினோமா இருந்தால் இவற்றைத் தேடுவோம். அப்பாவுக்கு ஒன்றே ஒன்று.

அப்பாவின் அடுத்த சோதனை எப்போது? அட்வான்ஸ்டு அடினோமா என்பதால் 3 வருடத்தில். ஐரோப்பிய வழிகாட்டுதலும் 10 மி.மீ. எட்டிவிட்டாலே 3 வருடம்தான் சொல்கிறது. பிரிட்டனில் மட்டும் இப்படி ஒன்றே ஒன்று வந்து சுத்தமாக எடுத்துவிட்டால் தனிக் கண்காணிப்பு வேண்டாம், பொதுச் சோதனைத் திட்டத்திலேயே தொடரலாம் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் இரண்டும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்: அவர்களிடம் அப்படி ஒரு பொதுத் திட்டம் இருக்கிறது, நம்மிடம் இல்லை, எனவே 3 வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 10 மி.மீ.க்குக் குறைந்த டியூபுலர் ஒன்றிரண்டு மட்டும் என்றால் 7 முதல் 10 வருடம் வரை பொறுக்கலாம், 20 மி.மீ.க்கு மேற்பட்டதைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதத்திலேயே திரும்பப் பார்க்க வேண்டும்.

அந்த 3 வருடம் செல்லுபடியாக வேண்டுமென்றால் முதல் சோதனை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சீக்கம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்குகிற இடம் வரை போனார்களா, அதற்குப் படம் இருக்கிறதா. குடல் சுத்தம் எப்படி என்று எழுதியிருக்கிறதா. பாஸ்டன் ஸ்கோர் என்று மூன்று பகுதிக்கு மூன்று எண் போடுவார்கள், ஒவ்வொன்றும் 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாலிப்பை ஒரே துண்டாக எடுத்தார்களா, ஓரம் சுத்தமா. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 5 முதல் 20 மி.மீ. வரையிலான பாலிப்களில் சுமார் 10 சதவீதம், எடுத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. 12 மி.மீ. காம்பில்லாத பாலிப்புக்கு இந்தக் கேள்வியைக் கேட்பதில் தப்பே இல்லை. துண்டு துண்டாக எடுத்ததாக இருந்தாலோ, சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தாலோ 3 வருடம் காத்திருக்காதீர்கள், சீக்கிரமே திரும்பப் பார்க்க வேண்டுமா என்று செய்த டாக்டரிடமே கேளுங்கள்.

மலையிலிருந்து போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயம் சொல்கிறேன், இதைக் கீழே இருக்கிற டாக்டர்கள் சொல்வதில்லை. பேதி மருந்தைக் கோத்தகிரியில் குடித்துவிட்டு விடிகாலை பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்குவது சித்திரவதை. அதற்குப் பயந்து பாதி மருந்தைக் குடிக்காமல் விடுகிறவர்கள் நிறைய, குடல் சுத்தமாகாமல் போவதும் தட்டையான பாலிப் தப்பிப்பதும் அப்படித்தான். மருந்தில் பாதியை முந்தின நாள் சாயங்காலமும், மீதியைச் சோதனைக்கு நாலு ஆறு மணி நேரத்துக்கு முன்பும் குடிப்பதுதான் சரியான முறை, எனவே முந்தின நாளே கீழே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டிலோ ஆஸ்பத்திரிப் பக்கம் லாட்ஜிலோ தங்கிவிடுங்கள், கழிப்பறை தனியாக இருக்கிற இடமாக. இரும்பு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குடல் முழுக்கக் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் கீரை, ராகி, விதையுள்ள பழம், பீட்ரூட் வேண்டாம். பால் கலக்காத கட்டஞ்சாயா, உங்கள் வீட்டில் பிளேன் டீ என்பீர்கள், தாராளமாகக் குடிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கவோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாலிப் எடுத்த பிறகு அன்றைக்கே மலை ஏற வேண்டாம், ஓர் இரவாவது கீழே இருங்கள். ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரைகூடத் தாமதமாக வரலாம், குடலில் துளை விழுவது அரிதாக நடக்கலாம். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், இவற்றில் எது வந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மழை வலுத்து மரம் விழுந்து ரோடு அடைபடுகிற நவம்பர் மாதத்தில் தேதி வாங்காமல் பிப்ரவரி, மார்ச் என்று வாங்கிக்கொள்வது நல்லது. கூடலூர் பக்கத்தவர்கள் கேரளாவுக்கோ மைசூருக்கோ இறங்குகிறார்கள், அங்கும் இதேதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுபோய், எது எதற்குப் பொருந்தும் என்று அங்கேயே கேளுங்கள்.

கொலோனோஸ்கோபிக்கு வரவே மாட்டேன் என்கிற சித்தப்பா யாராவது இருந்தால், மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கிற ஃபிட் டெஸ்ட் ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நல்லது, வருடத்துக்கு ஒரு முறை. மனித ரத்தத்தை மட்டும் அடையாளம் காண்பதால் பீட்ரூட், முள்ளங்கி, கறி எதுவும் இதைக் குழப்பாது. பழைய முறை டெஸ்ட் குழம்பும், எதைச் செய்கிறார்கள் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிட் கேன்சரை ஓரளவு நன்றாகப் பிடிக்கும், பெரிய பாலிப்களில் பாதிக்கு மேல் தவறவிடும். பாசிட்டிவ் என்று வந்தால் கொலோனோஸ்கோபி செய்தே தீர வேண்டும், 'இன்னொரு தடவை ஃபிட் பார்ப்போம்' என்று தள்ளக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 12 மி.மீ. பாலிப் ஒன்று மட்டும் ஹீமோகுளோபினை 9.1 வரை இறக்குமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கொஞ்சம் கசிந்திருக்கலாம், முழுக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட மாட்டேன். அப்பாவுக்கு வாய் வழி எண்டோஸ்கோபி செய்தார்களா, கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள், செய்யவில்லை என்றால் இப்போது செய்யுங்கள். இரும்பு மாத்திரையை ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடரட்டும், டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மாத்திரையை நிறுத்திய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வருடமாவது ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். மறுபடி இறங்கினால் சிறுகுடலையும் பார்க்க வேண்டி வரும், அதற்குக் கேப்ஸ்யூல் கேமரா இருக்கிறது, கோவையிலேயே செய்கிறார்கள். பெரியம்மாவிடம் பேசியதும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அக்காவுக்கு 40 வரை காத்திருக்கலாமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.